நாற்பத்தெட்டு அங்குலமும் ஒரு முயலும்

கழுத்தில் அளவு நாடா தொங்குகிறது என்பது தையல்காரருக்கே தெரியாது. இருபத்திரண்டு வருடமாகத் தொங்குகிறது. தூங்கப் போகும்போது மனைவி ஞாபகப்படுத்தினால் கழற்றுவார். ஆகவே கேளிக்கைப் பூங்காவின் முதல் வாசலில் ஒரு முயல் அவரை மறித்து, "கழுத்துல என்ன கயிறு?" என்று கேட்டபோது, அவர் திரும்பித் தனக்குப் பின்னால் நின்றவரின் கழுத்தைப் பார்த்தார்.

முயல் என்றால் ஆளுயர முயல். காது மட்டுமே இரண்டு சாண். சீருடைக் காவலர்களைக் கண்டால் வருகிறவர்களின் குதூகலம் குறைகிறது என்று பூங்காவின் மகிழ்ச்சித் துறை புகார் செய்ததால், பாதுகாப்புத் துறை தன் ஆட்கள் எல்லோருக்கும் முயல் வேஷம் போட்டுவிட்டது. உடனே குழந்தைகள் ஓடிவந்து காவலர்களைக் கட்டிப்பிடிக்கத் தொடங்கின. கட்டிப்பிடிப்பது பாதுகாப்புக்கு ஆபத்து. எனவே ஒவ்வொரு முயலின் நெஞ்சிலும் ஒரு வட்ட வில்லை குத்தப்பட்டது: 'நான் உண்மையான முயல் அல்ல.'

"கயிறு இல்லீங்க, டேப்பு. நான் டெய்லர்."

"அறுபது இன்ச் இருக்கு. கட்டலாம், இழுக்கலாம், தொங்கலாம். கயிறு வகைதான்" என்று முயல் நாடாவை உருவி ஒரு பைக்குள் போட்டது. "கையைத் தூக்குங்க. நகைச்சுவை எண் பதினொண்ணு சொல்லப் போறேன்."

உடம்பைத் தடவிச் சோதிக்கும்போது வருகையாளரின் மனம் கோணக்கூடாது என்பதற்காக ஒரு நகைச்சுவை சொல்லியாக வேண்டும் என்பது விதி. மொத்தம் நாற்பது நகைச்சுவைகள், இரண்டு துறைகளும் கையெழுத்துப் போட்டவை. யாரும் புண்பட்டுவிடக் கூடாதென்று ஒவ்வொன்றையும் வடிகட்டியதில் சிரிப்பு முதலில் வடிந்துபோயிருந்தது. "ஒரு ஊர்ல ஒருத்தர் இருந்தார்" என்றது முயல், தையல்காரரின் இடுப்பைத் தடவிக்கொண்டே. "அவர் நல்லபடியா வீடு போய்ச் சேர்ந்தார்."

தையல்காரர் மேற்கொண்டு ஏதாவது வரும் என்று காத்திருந்தார்.

"அவ்வளவுதான். சிரிக்கணும். சிரிச்சாதான் அடுத்த பக்கம் தடவ முடியும்."

அவர் சிரித்தார். சிரித்த சிரிப்பில் சட்டைக் காலர் மடங்கி, உள்பக்கம் குத்தி வைத்திருந்த ஊசி பளிச்சென்று தெரிந்தது. அத்தோடு வந்தது வினை. கூர்மையான பொருளோடு பிடிபட்டவர் என்று அவர் மணிக்கட்டில் ஒரு சிவப்பு வளையம் மாட்டினார்கள். சிவப்பு வளையக்காரரைத் தனியே விடக்கூடாது, நாள் முழுதும் ஒரு முயல் கூடவே நடக்க வேண்டும். நகைச்சுவை எண் பதினொன்றைச் சொன்ன அதே முயல் அலுப்போடு அவருக்கும் அவரோடு வந்த மகளுக்கும் பின்னால் வந்து நின்றது.

"அப்பா, மணி பத்தே முக்கால்" என்றாள் மகள்.

அவளுக்கு வயது ஒன்பது. அன்று காலையிலிருந்து அவள் மணியைத் தவிர வேறெதுவும் பேசவில்லை. காரணம் இருந்தது. போன வருடம் பள்ளியிலிருந்து இதே பூங்காவுக்கு அழைத்துவந்தார்கள். வகுப்பில் முப்பத்திரண்டு பேர். முப்பத்தொரு பேர் பாம்பு ரயிலில் ஏறினார்கள். ரயிலடியில் உயரம் பார்க்கும் பலகையில் நாற்பத்தெட்டு அங்குலம் வர வேண்டும், அவளுக்கு நாற்பத்தேழுதான் வந்தது. டீச்சர் அவளைப் பைகளுக்குக் காவலாக ஒரு பெஞ்சில் உட்கார வைத்துவிட்டுப் போனார். ரயிலில் போனவர்களுக்கெல்லாம் 'நான் பாம்பில் போனேன்' என்று ஒரு வில்லை கிடைத்தது, முழு ஆள் இல்லையென்று அவளுக்கு 'முக்கால்' என்ற பெயர் கிடைத்தது. பள்ளியில் அந்தப் பெயரைச் சொல்லித்தான் கூப்பிட்டார்கள். போன மாதம் அவளுடைய நோட்டு ஒன்றைப் புரட்டியபோது, அட்டையில் பெயர் எழுதும் இடத்தில் அவளே 'முக்கால்' என்று எழுதியிருப்பதைத் தையல்காரர் பார்த்தார்.

பூங்காவிலிருந்து வந்த அன்றே அவளைக் கதவு நிலையில் நிற்கவைத்துத் தலைக்கு மேல் ஒரு கோடு கிழித்து, பக்கத்தில் '47' என்று எழுதியிருந்தார். ஒவ்வொரு ஞாயிறும் அந்தக் கோட்டுக்கு மேல் எவ்வளவு என்று அளப்பார். போன ஞாயிறு ஒன்றேகால் அங்குலம் ஏறியிருந்தது. ஆக நாற்பத்தெட்டேகால். ஆனால் பாம்பு ரயிலை நாளையிலிருந்து ஆறு மாதம் பழுதுபார்க்க மூடுகிறார்கள். கடைசி ஓட்டம் இன்று ஐந்து மணிக்கு. கடையைப் பூட்டிவிட்டு, இரண்டு கல்யாண வீட்டு ரவிக்கைகளை அரைகுறையாக விட்டுவிட்டு வந்திருக்கிறார்.

இரண்டாவது வாசலில் அவர்களுடைய மகிழ்ச்சியை அளந்தார்கள். ஒரு இயந்திரத்துக்கு முன்னால் முகத்தைக் காட்ட வேண்டும். முதல் வாசலில் சோதனை போடுவதால் மகிழ்ச்சி குறையும், குறைந்த மகிழ்ச்சியோடு உள்ளே போகிறவர்கள் கவனம் சிதறி விழுந்துவிடுவார்கள், எனவே மகிழ்ச்சிக் குறைவு ஒரு பாதுகாப்புப் பிரச்சினை. தையல்காரருக்கு நூற்றுக்கு இருபத்தாறு வந்தது. அப்பாவையும் மகளையும் மகிழ்ச்சி மீட்பு அறையில் அரைமணி நேரம் உட்கார வைத்து மேலே சோப்புக் குமிழிகளை ஊதிவிட்டார்கள். குமிழி வெடித்துத் தரை வழுக்கியதால் அங்கே எல்லோரும் ரப்பர் உறை மாட்டிக்கொண்டு, கம்பியைப் பிடித்தபடியே குதூகலித்தார்கள். வெளியே வந்து முகத்தைக் காட்டினால் பத்தொன்பது. மறுபடி உள்ளே போ என்றார்கள்.

"எனக்கும் அதுல பன்னிரண்டுதாங்க வரும்" என்று முயல் காதோரம் சொன்னது. "பல்லைக் கடிச்சுக்கிட்டு உதட்டை மட்டும் விரிங்க. மிஷினுக்கு வித்தியாசம் தெரியாது."

அப்படியே செய்தார்கள். எண்பத்தொன்று வந்தது. மணி ஒன்று.

மூன்றாவது வாசலில் ஒரு படிவம். அதில் ஒரே ஒரு கேள்வி: 'பாம்பு ரயிலில் நீங்கள் பயப்படுவீர்களா?' தையல்காரர் 'ஆம்' என்று எழுதினார். பயப்படுகிறவர்களை ஏற்றுவது பாதுகாப்புக்கு உகந்ததல்ல என்று திருப்பிக் கொடுத்தார்கள். வரிசையின் கடைசிக்குப் போய், நின்று வந்து, 'இல்லை' என்று எழுதினார். பயப்படாதவர்களுக்கு அந்த ரயிலால் மகிழ்ச்சி கிடைக்காது, மகிழ்ச்சி கிடைக்காதவர்களை ஏற்றிக் கணக்கைக் கெடுக்க முடியாது என்று மறுபடி திருப்பினார்கள்.

"பின்ன என்னதாம்மா எழுதறது?" என்று அவர் மகளிடமே கேட்டார்.

அவள் படிவத்தைப் பிடுங்கி, 'அளவாக' என்று எழுதி நீட்டினாள். முத்திரை குத்தி உள்ளே விட்டார்கள். மணி மூன்றேகால்.

ரயிலடிக்குப் போகும் வழியில் ஒரு மேடை. அதில் சமநிலை அதிகாரி பேசிக்கொண்டிருந்தார். தினமும் மூன்றரைக்குப் பேசுவாராம். அவர் பேசும்போது யாரும் நடக்கக்கூடாது. நடந்தால் பேச்சில் கவனம் போய்க் கால் தடுக்கி விழுவார்கள். இருநூறு பேர் நின்ற இடத்தில் நின்றார்கள். மகள் மட்டும் ஒரு காலிலிருந்து மறுகாலுக்கு மாறிக்கொண்டே இருந்தாள்.

"நம்ம பூங்காவுல மொத்தம் பதினாலு சவாரி இருக்கு" என்று அதிகாரி சொன்னார். "அதுல பதினொண்ணை நிறுத்தி வெச்சிருக்கோம். நிறுத்தின பதினொண்ணுலயும் போன வருஷம் விபத்து சைபர். இது சாதாரணச் சாதனை இல்லை. ஓடற மூணை நினைச்சாத்தான் எனக்குத் தூக்கம் வர்றதில்லை. சந்தோஷம் குறையக்கூடாதுன்னு பார்க்க ஒரு துறை, பாதுகாப்பு குறையக்கூடாதுன்னு பார்க்க ஒரு துறை. அது ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு பேசிக்க ஆரம்பிச்சா ஒண்ணு இன்னொண்ணை அமுக்கிடும். பேசிக்காமப் பார்த்துக்கறதுக்குத்தான் நான். ஒரு பக்கம் ஒரு உத்தரவு போனா, இன்னொரு பக்கமும் அதே உத்தரவை அனுப்பிடுவேன். எடை சமமா இருக்கணும் இல்லையா."

எல்லோரும் கைதட்டினார்கள். தட்டி முடிக்கும்வரை நடக்க அனுமதியில்லை என்பதால் சீக்கிரமே தட்டி முடித்தார்கள்.

நான்கேகாலுக்குப் பாம்பு ரயிலடி வந்தது. தலைக்கு மேலே ரயில் வளைந்து வளைந்து ஓடி, கிறீச்சிட்டு நின்றது. காலியாக ஓடியது என்பதைத் தையல்காரர் கவனித்தார். அன்று முழுதும் வந்தவர்களில் இதுவரை ஒருவர்கூட இவ்வளவு தூரம் வந்து சேரவில்லையாம். இயக்குபவர் ஒரு நாற்காலியில் சோம்பல் முறித்துக்கொண்டிருந்தார். இவர்களைக் கண்டதும் அவருக்கே ஒரு பரபரப்பு வந்துவிட்டது. "பாப்பா, பலகையில நில்லு" என்றார்.

மகள் செருப்பைக் கழற்றிவிட்டுப் போய் நின்றாள். முதுகு நேராக, மோவாயை உள்ளிழுத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு. இயக்குபவர் குனிந்து பார்த்தார். நிமிர்ந்து கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

"நாப்பத்தேழேகால்."

அவள் திரும்பி அப்பாவைப் பார்த்தாள். அழவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு, பழகிய இடத்துக்குப் போகிறவள்போல, பைகள் வைக்கும் அந்தப் பெஞ்சில் போய் உட்கார்ந்தாள்.

கதவு நிலையில் ஒன்றேகால் அங்குலம் வளர்ந்த பிள்ளை பலகையில் கால் அங்குலம்தான் வளர்ந்திருக்கிறதென்றால், ஒன்று கதவு பொய் சொல்ல வேண்டும், இல்லை பலகை பொய் சொல்ல வேண்டும். கதவைத் தையல்காரருக்குத் தெரியும். கை தானாகக் கழுத்துக்குப் போனது. அங்கே நாடா இல்லை.

"என் டேப்பு வேணும்" என்றார் முயலிடம்.

"முதல் வாசல்ல இருக்கு. எடுக்கப் போனா வெளிய போன மாதிரி. திரும்ப வரணும்னா முதல்லேர்ந்து வரணும்."

நாடா இல்லாவிட்டால் என்ன, கை இருக்கிறது. இருபத்திரண்டு வருடத் தொழிலில் அவருடைய சாண் ஒன்பது அங்குலத்துக்கு நூலளவும் பிசகாது, கட்டைவிரல் முட்டி ஒரு அங்குலம். அவர் தரையில் மண்டியிட்டு, பலகைக்குக் கீழே தரையிலிருந்து சாண் போட்டு ஏறினார். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து. அதற்கு மேல் மூன்று முட்டி. நாற்பத்தெட்டு அங்குலம். அந்த இடத்தில் பலகை 46 என்று காட்டியது.

"பலகை ரெண்டு இன்ச் மேல ஏறியிருக்கு" என்றார்.

"பூங்காவுக்குள்ள அனுமதியில்லாம அளக்கறது குத்தம்" என்று இயக்குபவர் பின்வாங்கினார். பயந்துபோய் மணியை அடித்துவிட்டார். ஐந்து நிமிடத்தில் சமநிலை அதிகாரி கோப்பும் கையுமாக வந்து சேர்ந்தார்.

"பலகை தப்பா?" என்றார் சிரித்துக்கொண்டே. "அதை ரெண்டு துறை சேர்ந்து சரி பார்த்திருக்கு."

"சார், கோவிச்சுக்காதீங்க. உங்க சட்டையில வலது கை இடது கையைவிட முக்கால் இன்ச் நீளம். தொட்டுப் பார்க்காமலே சொல்றேன்."

அதிகாரி இரண்டு கைகளையும் நீட்டிப் பார்த்தார். முகம் சுருங்கியது. அவர் கோப்பைத் திறந்தார். இரண்டு வருடத்துக்கு முன்பு பலகைக்குக் கீழே தரையில் வழுக்காமலிருக்க ஒரு அங்குலத் தடிப்பில் ரப்பர் விரிப்புப் போட்டிருக்கிறார்கள். விரிப்பின் மேல் நிற்கும் குழந்தை ஒரு அங்குலம் உயர்ந்துவிடும் என்பதால் பலகையை ஒரு அங்குலம் உயர்த்தச் சொல்லிப் பாதுகாப்புத் துறைக்கு ஓர் உத்தரவு. எடை சமமாக இருக்க மகிழ்ச்சித் துறைக்கும் அதே உத்தரவு. இரண்டு துறையும் ஆளுக்கொரு அங்குலம் உயர்த்தின. அப்புறம் இந்த வருடம் விரிப்பில் ஒருவர் தடுக்கி விழப் பார்த்தார் என்று விரிப்பை எடுத்துவிட்டார்கள். பலகையைத் தொடவில்லை.

"அப்போ" என்று பெஞ்சிலிருந்து ஒரு குரல் வந்தது. மகள் எழுந்து நின்றிருந்தாள். "போன வருஷம் கால்கீழ ரப்பர் இருந்துச்சு. நான் அதுமேல நின்னேன்."

அவள் விரலை மடக்கிக் கணக்குப் போடுவதைத் தையல்காரர் பார்த்துக்கொண்டே நின்றார். அவர் ஏற்கெனவே போட்டு முடித்திருந்தார். இரண்டு அங்குலம் ஏறிய பலகை, ஒரு அங்குல விரிப்பு, வந்தது நாற்பத்தேழு.

"அப்பா, போன வருஷமே நான் நாப்பத்தெட்டு இருந்தேனா?"

"ஆமாம்மா."

"அப்ப நீ ஏன்ப்பா வீட்டுல அளக்கல?"

ஊரில் பாதிப் பேரின் தோளையும் இடுப்பையும் மனப்பாடமாகச் சொல்கிற மனுஷன், சொந்த மகளுக்கு மட்டும் எவனோ மாட்டிய பலகை சொன்ன எண்ணை அப்படியே கதவில் எழுதி, ஒரு வருடம் அதற்கு மேலே மட்டும் அளந்திருக்கிறார். அடியிலிருந்து ஒரு தடவை நாடா போட்டிருந்தால் போதும். ஒரு வருடம் அவளை முக்கால் என்று கூப்பிட விட்டதில் அவர் கையும் இருக்கிறது.

"எழுதி வெச்சதை நம்பிட்டேன்மா" என்றார் கடைசியில். "தப்பு என்னோடது."

அதிகாரிக்கு இதற்குள் வியர்த்துவிட்டது. "நீங்க சொன்னது சரிதான், ஒப்புக்கறேன்" என்றார். "சரியா இருக்கறதனாலதான் கஷ்டம். பலகை தப்புன்னு நிரூபணமாயிட்டா அந்தப் பலகையை நம்பி யாரையும் ஏத்த முடியாது. ரயிலை இந்த நிமிஷமே மூடணும். நீங்க சொல்லாம இருந்திருந்தா அஞ்சு மணி வரைக்கும் ஓடியிருக்கும்."

"ஓடியிருக்கும், என் பொண்ணை ஏத்தியிருக்க மாட்டீங்க."

"அது வேற விஷயம்."

மணி நான்கு நாற்பது. அதிகாரி கோப்பின் கடைசித் தாளைப் புரட்டி, "மூடறதுக்கு முன்னாடி ஒரு சோதனை ஓட்டம் விடணும். குறைஞ்சது நாப்பத்தெட்டு இன்ச் உயரமுள்ள ஒரு பொருளை வெச்சு. அந்த மணல் பொம்மையைக் கொண்டுவாங்க" என்றார்.

இயக்குபவர் தலையைச் சொறிந்தார். "பொம்மை இல்லை சார். போன வாரம் பெஞ்சுல உட்கார வெச்சிருந்தேன். கேட்பாரத்துக் கிடந்த பொருள்னு பாதுகாப்புத் துறை தூக்கிட்டுப் போயிட்டாங்க."

"வாங்கிட்டு வா."

"வாங்கணும்னா பொம்மை நேர்ல வந்து கையெழுத்துப் போடணுமாம்."

அதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஐந்துக்குள் சோதனை ஓட்டம் நடக்காவிட்டால் அவர் மேலேயே ஒரு விசாரணை வரும். அந்த நேரத்தில்தான் முயல் தொண்டையைச் செருமியது. காலையிலிருந்து இவர்கள் பின்னால் நடந்து நடந்து அதற்குக் கால் வீங்கியிருந்தது.

"சார், விதியில பொருள்னுதான் இருக்கு. பொம்மைன்னு இல்லை. நாப்பத்தெட்டுக்குக் குறையாத ஒண்ணு இங்கயே நிக்குதே."

எல்லோரும் மகளைப் பார்த்தார்கள். அதிகாரி விதியை மூன்று முறை படித்தார். வருகையாளராக ஏற்ற வழியில்லை, பலகை தடுக்கிறது. பொருளாக ஏற்றத் தடையில்லை. தகப்பனார் கையெழுத்துப் போட்டுப் பொருளைக் கடனாகக் கொடுத்தால் போதும்.

"பொருளுக்கு வில்லை கிடையாது. பொருள் சத்தம் போடக்கூடாது" என்று அதிகாரி அவளிடம் கண்டிப்பாகச் சொன்னார். பொருள் தலையாட்டியது. ஆனால் அதற்குள் முதல் பெட்டியில் ஏறி உட்கார்ந்துவிட்டது.

இயக்குபவர் கம்பியை இறக்கிப் பூட்டி, இரண்டு தடவை ஆட்டிப் பார்த்தார். அன்று முழுதும் நடந்த சோதனைகளில் தேவையான சோதனை அது ஒன்றுதான், அதற்கு ஐந்து விநாடி ஆனது. ரயில் கிளம்பியது. தையல்காரர் வேலியைப் பிடித்துக்கொண்டார். ரயில் உச்சிக்கு ஏறும்வரை ஒரு சத்தமும் இல்லை. உச்சியில் ஒரு கணம் நின்றது. பிறகு தலைகீழாக இறங்கியபோது பொருள் போட்ட கூச்சலில் கீழே மேடைப் பக்கம் நின்றவர்கள் எல்லோரும் அண்ணாந்தார்கள். அது பயமா, சிரிப்பா என்று பிரித்துச் சொல்ல முடியாத ஒரு சத்தம். வளைவுக்கு வளைவு வந்துகொண்டே இருந்தது.

"பொருள் சத்தம் போடுது" என்று அதிகாரி எழுதிக்கொண்டார்.

ரயில் வந்து நின்றபோது அவள் தலைமுடி நட்டுக்கொண்டு நின்றது. இறங்கி வந்து அப்பாவின் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். முயல் தன் நெஞ்சிலிருந்த வில்லையைக் கழற்றி அவள் சட்டையில் குத்தியது. 'நான் உண்மையான முயல் அல்ல' என்றிருந்ததை அவள் படித்துவிட்டு, முயலைப் பார்த்துச் சிரித்தாள். எண் போடாத சிரிப்பு.

பிறகு, வாசல் விதி முயலுக்குக் கிடையாதென்று, வீங்கிய காலோடு முயலே முதல் வாசலுக்குப் போய் நாடாவை வாங்கி வந்தது. ஒரு படிவம் பாக்கி இருந்தது. 'சோதனைக்குப் பின் பொருளின் உயரம்' என்று ஒரு கட்டம்.

"நாப்பத்தெட்டுன்னு போட்டுடுங்க, முடிஞ்சுது" என்றார் அதிகாரி.

"அளக்காம எழுத மாட்டேன் சார்" என்றார் தையல்காரர். மகளை நேராக நிற்கவைத்து, நாடாவின் நுனியைக் குதிகாலுக்கு அடியில் மிதிக்கச் சொல்லி, உச்சந்தலைவரை இழுத்தார். நட்டுக்கொண்டிருந்த முடியை உள்ளங்கையால் அழுத்திவிட்டுப் பார்த்தார். நாற்பத்தொன்பதேகால். இரண்டாம் தடவையும் போட்டுப் பார்த்துவிட்டு எழுதினார். மேலே 'பொருளின் பெயர்' என்று இன்னொரு கட்டம் காலியாக இருந்தது. அவர் பேனாவை அங்கே கொண்டுபோகும்போது மகள் வாங்கிக்கொண்டாள்.

அவள் பள்ளிப் பதிவேட்டில் உள்ள தன் முழுப் பெயரை எழுதினாள். முதலெழுத்தோடு தொடங்கி, ஒவ்வோர் எழுத்தாக, நிறுத்தி நிறுத்தி. பெயர் கட்டத்தைத் தாண்டி, ஓரத்தைத் தாண்டி, அதிகாரியின் கையெழுத்துக்கு ஒதுக்கிய இடம்வரை போய் நின்றது.

"கட்டத்துக்குள்ள எழுதணும்மா" என்றார் அதிகாரி.

தையல்காரர் குனிந்து பார்த்தார். நாடாவை எடுக்கவில்லை. கட்டைவிரலை மட்டும் இரண்டு தடவை வைத்துப் பார்த்தார்.

"பேரு சரியாத்தான் இருக்கு சார்" என்றார். "கட்டம்தான் ரெண்டு இன்ச் கம்மி."